சாட்சி மனசு மாறி வந்து நின்றால், அப்பீலில் எந்த வழி?

போன மாதம் ஒரு சாயங்காலம் என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் இருக்கும் எங்கள் ஆபீஸுக்கு ஒரு அக்கா வந்தார். வியாசர்பாடிக்காரர். தம்பி புழல் ஜெயிலில் இருக்கிறான், கொலை வழக்கில் ஆயுள் தண்டனை, ஹைகோர்ட்டில் கிரிமினல் அப்பீல் நிலுவையில் இருக்கிறது. மஞ்சப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து, அதற்குள்ளிருந்து ஒரு 20 ரூபாய் பத்திரத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். வழக்கில் நேரில் பார்த்ததாகச் சொன்ன ஒரே சாட்சி, டீக்கடையில் வேலை பார்த்த பையன், எழுதிக் கொடுத்திருக்கிறான். சம்பவத்தை நான் பார்க்கவில்லை, போலீஸார் சொல்லிக்கொடுத்ததைக் கோர்ட்டில் சொல்லிவிட்டேன், மனசாட்சி உறுத்துகிறது, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் இதைக் கொடுக்கிறேன் என்று இருக்கிறது. கீழே கையெழுத்து, நோட்டரி சீல்.

“அவனே எழுதிக் குடுத்துட்டான் சார். இனிமே தம்பி வந்துடுவான்ல?”

பத்திரத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஸ்டாம்ப் வெண்டர் எழுதியிருந்த இடத்தில், வாங்கியவர் பெயர் என்று அந்த அக்காவின் பெயரே இருந்தது.

இந்த மாதிரிப் பத்திரத்தோடு வருகிறவர்களை ஹைகோர்ட் பக்கம் நான் வருஷா வருஷம் பார்க்கிறேன். எல்லோருக்கும் கேள்வி ஒன்றுதான், ஆனால் பதில் ஒன்றில்லை. கையில் நாலைந்து வழிகள் இருக்கின்றன. தப்பான வழியை முதலில் எடுத்தால் சரியான வழியும் அடைபட்டுப் போகும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். விசாரணைக் கோர்ட்டில் தீர்ப்பு வரவில்லை என்றால் சாட்சியைத் திரும்ப அழைக்கச் சொல்லி மனுப் போடலாம், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி.யில் 311-வது பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ்.ஸில் 348. தீர்ப்பு சொல்லிக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது என்றால் அந்த நீதிபதி எழுத்துப் பிழையைத் தவிர எதையும் மாற்ற முடியாது. செஷன்ஸ் கோர்ட்டுக்கு ஓடி “சார், சாட்சி மாறிட்டார்” என்று நிற்பதில் பயனில்லை, இனி எல்லாம் அப்பீலில்தான். ஹைகோர்ட்டில் அப்பீல் போட 60 நாள் அவகாசம், தாண்டிவிட்டால் தாமதத்தை மன்னிக்கக் கேட்டு மனுவோடு போடலாம். பணம் இல்லையே என்று யாரும் நின்றுவிட வேண்டாம். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, 1987-ஆம் வருஷச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. ஹைகோர்ட் சட்டப்பணிகள் குழுவில் போய்க் கேளுங்கள்.

சரி, அப்பீல் நிலுவையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குடும்பங்கள் முதலில் எடுக்கும் வழி, அந்த அக்கா எடுத்ததுதான். சாட்சியைத் தேடிப் பிடித்து, எழுதி வாங்கி, அந்தப் பிரமாணப் பத்திரத்தை அப்படியே அப்பீல் பேப்பர் கட்டோடு சேர்த்துவிடுவது. செலவு குறைவு, ஒரே நாளில் முடிந்துவிடும், மனசுக்கும் ஒரு தெம்பு வரும். ஆனால் இருக்கிற வழிகளிலேயே மோசமானது இதுதான்.

ஏனென்றால், சாட்சிக் கூண்டில் சொன்னது சத்தியம் செய்து, நீதிபதி முகத்துக்கு நேரே, எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை செய்து வந்த வார்த்தை. நோட்டரி பத்திரத்தை யாரும் குறுக்கு விசாரணை செய்யவில்லை. 2004-ல் சுப்ரீம் கோர்ட்டில் யாகூப் இஸ்மாயில்பாய் படேல் வழக்கில் இதே கதைதான் வந்தது. சாட்சி சொல்லி முடித்தவர், அது உண்மையில்லை, போலீஸ் சொல்லித்தான் சொன்னேன் என்று அப்புறம் பிரமாணப் பத்திரம் போட்டார். கீழ்க்கோர்ட்டும் ஹைகோர்ட்டும் அதைத் தள்ளியது சரிதான் என்றது சுப்ரீம் கோர்ட். மறு வருஷம் மிஸ்ரிலால் வழக்கில் இன்னொரு படி மேலே போனது. முழுசாக விசாரித்து, குறுக்கு விசாரணையும் முடிந்த சாட்சி வேறொரு மன்றத்தில் மாற்றிச் சொன்னார் என்பதற்காக, முன்பு சொன்னதை மறுக்க வைக்க அவரைத் திரும்பக் கூண்டில் ஏற்றியிருக்கக் கூடாது என்றது. அரசுத் தரப்பு வக்கீல் இந்த இரண்டு தீர்ப்புகளையும் கையில் வைத்திருப்பார், சந்தேகமே வேண்டாம்.

நம்ம ஊர் சாட்சியக் கட்டை எடுத்துப் பாருங்கள். எந்தக் குறுக்கு விசாரணையும் கடைசியில் இப்படி ஒரு வரியில்தான் முடியும்: “நான் சம்பவத்தைப் பார்க்கவில்லை என்றும் போலீசார் சொல்லிக்கொடுத்தபடி பொய்சாட்சி சொல்கிறேன் என்றும் சொன்னால் சரியல்ல.” அந்தப் பையனின் சாட்சியத்திலும் அந்த வரி இருந்தது. அதாவது இன்று அவன் எதைச் சொல்கிறானோ அதையே அன்று நேராகக் கேட்டிருக்கிறார்கள், இல்லை என்று மறுத்திருக்கிறான். நீதிபதி முதலில் விரல் வைக்கப்போவது அந்த வரியில்தான். அன்று ஏன் மறுத்தாய், இன்று ஏன் ஒப்புக்கொள்கிறாய் என்பதற்கு 20 ரூபாய் பத்திரத்தில் பதில் இல்லை. பத்திரத்தை வாங்கியவர் பெயரில் இருக்கும் பதிலோ, நமக்கு எதிரானது.

இது பேப்பர் வீணாவதோடு முடிகிற விஷயமும் இல்லை. பொய்சாட்சி சொல்லச் சொல்லி ஒருவரை மிரட்டுவது தனிக்குற்றம், ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். சட்டத்தின் 232-ஆம் பிரிவில் ஏழு வருஷம் வரை தண்டனை. சாட்சி வீட்டுக்கு நாலு பேர் போய் உட்கார்ந்து பேசினார்கள் என்று அவன் அம்மா ஒரு புகார் கொடுத்தால் போதும். மிரட்டவே இல்லை, கெஞ்சத்தான் செய்தோம் என்று நீங்கள் அழுது சொன்னாலும், தம்பியின் அப்பீலில் அந்த நிழல் விழுந்துவிடும். தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கேட்கும் மனுவிலும் அதுதான் முதல் ஆட்சேபணையாக வரும். அதனால்தான் மறுபடி மறுபடி சொல்கிறேன், சாட்சி மனசு மாறியது காதில் விழுந்ததும் அவனைத் தேடிப் போகாதீர்கள், ஆள் அனுப்பாதீர்கள், வாட்ஸ்அப்பில்கூடப் பேசாதீர்கள். வக்கீலிடம் வாருங்கள்.

இதைவிடக் கடினமான, ஆனால் நேர்மையான வழி, அப்பீல் கோர்ட்டிடமே கூடுதல் சாட்சியம் பதிவு செய்யச் சொல்லிக் கேட்பது. பழைய சட்டத்தில் 391, புதுச் சட்டத்தில் 432. கூடுதல் சாட்சியம் தேவை என்று அப்பீல் கோர்ட்டுக்குத் தோன்றினால், காரணத்தை எழுதிவைத்து, தானே விசாரிக்கலாம் அல்லது கீழ்க்கோர்ட்டுக்கு அனுப்பிப் பதிவு செய்து வாங்கலாம். தண்டனை பெற்றவரோ அவருடைய வக்கீலோ அப்போது கூட இருக்க உரிமை உண்டு. சாட்சி மறுபடி சத்தியம் செய்வார், அரசு வக்கீல் அவரைப் பிய்த்து எடுப்பார், அதையும் தாங்கி நின்றால் அந்த வார்த்தைக்கு ஒரு எடை வரும். பத்திரத்தில் கிடைக்காதது அந்த எடைதான்.

ஆனால் எளிதில் கிடைக்காது. இந்த அதிகாரத்தை அரிதாகத்தான் பயன்படுத்த வேண்டும் என்று 2001-ல் ராம்பாவ் வழக்கிலேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. 2024 ஜனவரியில் அஜித்சிங் ராத்தோட் வழக்கிலும் (அது செக் வழக்கு, ஆனாலும் விதி ஒன்றுதான்) அதையே அழுத்திச் சொன்னது: முயற்சி எடுத்தும் விசாரணையின்போது கொண்டுவர முடியாமல் போனது, அல்லது பின்னால்தான் வெளிச்சத்துக்கு வந்தது, இந்த இரண்டில் ஒன்றாக இருக்க வேண்டும். விசாரணையில் விட்ட ஓட்டையை அப்பீலில் அடைக்க இந்த வழி உதவாது.

பெஸ்ட் பேக்கரி வழக்கை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும், இரண்டு பக்கத்துக்கும் அதில் பாடம் இருக்கிறது. 2002 குஜராத் கலவரத்தின்போது வதோதராவில் ஒரு பேக்கரிக்குத் தீ வைத்து ஆட்களைக் கொன்ற வழக்கு அது. 2003-ல் முக்கிய சாட்சிகள் பிறழ்ந்து போய், குற்றம்சாட்டப்பட்ட 21 பேரும் விடுதலையானார்கள். முக்கிய சாட்சியான ஸாஹிரா ஷேக், பயத்தில்தான் மாற்றிச் சொன்னேன் என்று அப்புறம் வெளியே வந்து சொன்னார். கூடுதல் சாட்சியத்தை குஜராத் ஹைகோர்ட் ஏற்க மறுத்தது தப்பு என்று சொன்ன சுப்ரீம் கோர்ட், 2004-ல் மகாராஷ்டிராவில் மறுவிசாரணைக்கே உத்தரவிட்டது. அதாவது, சாட்சி ஏன் அப்படிச் சொன்னார் என்பதற்கு நம்பும்படியான காரணம் இருந்தால் கதவு திறக்கும். அதே ஸாஹிரா மறுபடியும் மாறினார், 2006-ல் அதே சுப்ரீம் கோர்ட் அவரை ஒரு வருஷம் சிறைக்கு அனுப்பியது.

இதில் குடும்பங்கள் யோசிக்காத ஒரு ஆள் அந்தச் சாட்சிதான். கூண்டில் ஏறி நான் அன்று பொய் சொன்னேன் என்று அவன் சொல்லும் நொடியில், பொய்சாட்சிக் குற்றத்தை அவன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறான். பழைய ஐ.பி.சி. 193-ல் ஏழு வருஷம் வரை. மரண தண்டனை விதிக்கக்கூடிய குற்றத்தில் ஒருவரை மாட்டிவிடும் நோக்கத்தோடு சொன்ன பொய் என்றால் 194, அதில் ஆயுள் வரை போகலாம். புதுச் சட்டத்தில் இவை 229, 230. டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த பையனுக்கு இதை யார் சொல்லியிருப்பார்கள்? அவனுக்கென்று தனியாக ஒரு வக்கீல் இருக்க வேண்டும், நம் பக்கத்து வக்கீல் இல்லை, நாம் பணம் கொடுக்கும் வக்கீலும் இல்லை. அபாயம் முழுவதையும் கேட்டுவிட்டும் அவன் வந்து சொன்னால், அதைக் கோர்ட் வேறு கண்ணால் பார்க்கும். கேட்டுவிட்டுப் பின்வாங்கினால் அதுவும் அவன் உரிமை, அவனை நொந்துகொள்ளக் கூடாது. அன்று அவனைப் பொய் சொல்ல வைத்தது பயம் என்றால், நாமும் பயம் காட்டி உண்மையை வாங்க முடியாது.

குடும்பங்களுக்குப் பிடிக்காத வழி ஒன்று இருக்கிறது, அதுதான் எனக்கு அதிக நம்பிக்கை உள்ள வழி. சாட்சி இப்போது என்ன சொல்கிறான் என்பதை ஓரமாக வைத்துவிட்டு, அன்று சொன்னதை வைத்தே வாதாடுவது. “அவனே இல்லேன்னு சொல்றப்போ பழசை எதுக்கு சார் கிளறணும்?” என்று அந்த அக்காவும் கேட்டார். கிளறத்தான் வேண்டும். பொய் சொன்ன சாட்சி பெரும்பாலும் சாட்சியத்துக்குள்ளேயே தடம் விட்டுவிட்டுத்தான் போயிருப்பான்.

அன்று ராத்திரி அந்தக் கட்டை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்தேன். முதல் விசாரணையில் பையன் தெளிவாகப் பேசுகிறான், யார் எந்தக் கையில் கத்தி பிடித்திருந்தார் என்பதுவரை. குறுக்கு விசாரணையில் இரண்டே வரி: “கடைக்கும் சம்பவ இடத்துக்கும் எவ்வளவு தூரம் என்று சொல்ல முடியாது. சம்பவத்தன்று நான் கடைக்கு லீவா என்று ஞாபகம் இல்லை.” தினமும் வேலை பார்த்த கடைக்கு முன்னால் ஒரு கொலையைப் பார்த்தவனுக்கு, அன்று வேலைக்குப் போனோமா என்பது ஞாபகம் இல்லையாம். விசாரணைக் கோர்ட் வக்கீல் அதற்குமேல் கேட்கவில்லை, தீர்ப்பிலும் அந்த வரி பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்புறம் எஃப்.ஐ.ஆர். மாஜிஸ்திரேட் கைக்குப் போன நேரத்தைப் பார்த்தேன், பையனிடம் போலீஸ் பதிவு செய்த வாக்குமூலம் கோர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்த தேதியைப் பார்த்தேன். பல நாள் இடைவெளி. இது எல்லாம் ஏற்கெனவே ரெக்கார்டில் இருப்பது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், நேராக வாதத்தில் வைக்கலாம்.

ஒரே சாட்சியை வைத்துத் தண்டிக்கலாமா என்றால் தண்டிக்கலாம். 1957-ல் நம்ம மெட்ராஸ் மாநிலத்திலிருந்து போன வடிவேலுத் தேவர் வழக்கில்தான் சுப்ரீம் கோர்ட் அந்த மூன்று வகையைச் சொன்னது: முழுக்க நம்பலாம், நம்பவே முடியாது, இரண்டுக்கும் நடுவில். நடுவில் விழும் சாட்சி என்றால் வேறு ஆதாரம் துணைக்கு இருந்தாக வேண்டும். அந்தப் பையனை நடு வகைக்கு இறக்கிவிட்டாலே அப்பீல் பாதி தாண்டிவிடும். அவன் மனம் மாறியதைக் கோர்ட் நம்ப வேண்டிய அவசியம்கூட அதற்கு இல்லை.

இந்த இரண்டு வழியையும் ஒன்றையொன்று விலக்குவதாக நினைக்க வேண்டாம். கூடுதல் சாட்சிய மனுவைப் போட்டுவிட்டு, அப்பீல் வாதத்தை அதை நம்பி நிறுத்தாமல் தயார் செய்வதுதான் என் பழக்கம். மனுவை மட்டும் நம்பிப் போனால் அது தள்ளுபடியாகிற அன்று கையில் ஒன்றும் இருக்காது.

அந்தச் சாட்சிமேல் பொய்சாட்சி வழக்குப் போடச் சொல்லிக் கேட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். பி.என்.எஸ்.எஸ். 379-ல் மனுப் போடலாம்தான், ஆனால் அது அவனைத் தண்டிக்கும் வழி, உள்ளே இருப்பவரை வெளியே கொண்டுவரும் வழி இல்லை. மாறி வர நினைக்கிற சாட்சியை அது மிரளவும் வைக்கும். விட்டுவிடுங்கள்.

எல்லா அப்பீலும் முடிந்தபிறகு சாட்சி வந்தால்? அது வேறு உலகம். சுப்ரீம் கோர்ட்டில் மறுஆய்வு (ரிவ்யூ), அதற்கும் பிறகு குறைதீர் மனு (க்யூரேட்டிவ்) என்று பெயருக்கு வழிகள் இருக்கின்றன, மிகக் குறுகலானவை. பேரறிவாளன் வழக்கை நம்ம ஊரில் தெரியாதவர் இல்லை. அவருடைய ஒப்புதல் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன், பேட்டரி எதற்கென்று தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதை நான் எழுதவில்லை என்று 2013-ல் வெளிப்படையாகச் சொன்னார், 2017-ல் சுப்ரீம் கோர்ட்டில் பிரமாணப் பத்திரமும் கொடுத்தார். சாட்சி சொன்ன ஒரு சாதாரண ஆள் அல்ல, பதிவு செய்த அதிகாரியே சொன்னது. அப்படியும், 1999 தீர்ப்பைத் திரும்பப் பெறக் கேட்ட மனு 2018-ல் தள்ளுபடியானது. 2022 மே 18-ல் அவர் விடுதலையானது வேறு பாதையில், அமைச்சரவைப் பரிந்துரைமேல் ஆளுநர் முடிவெடுக்காமல் இழுத்ததைப் பார்த்து, அரசியல் சட்டத்தின் 142-வது பிரிவில் கோர்ட் கொடுத்த விடுதலை. குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நிற்கிறது. அதனால் கடைசிக் கட்டத்தில் 161-வது பிரிவில் ஆளுநருக்குப் போகும் மனுவில் சாட்சி மாறியதைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் அதில் வீடு திரும்புவது ஒன்று, பெயர் சுத்தமாவது இன்னொன்று.

கோர்ட் நம்ப மறுப்பதெல்லாம் சரி என்றும் நான் நினைக்கவில்லை. அமெரிக்காவில் கேரி டாட்சன் என்பவர் 1979-ல் பாலியல் வன்முறை வழக்கில் தண்டனை பெற்றார். புகார் கொடுத்த பெண்ணே 1985-ல் வந்து அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று சொன்னார், நீதிபதி நம்பவில்லை. 1989-ல் டி.என்.ஏ. சோதனைக்கு அப்புறம்தான் தீர்ப்பு ரத்தானது. பேச்சு மாறியதை நம்பாத கோர்ட், பேச்சுக்கு வெளியே ஒரு ஆதாரம் வந்ததும் திரும்பியது. நாம் தேட வேண்டியதும் அதைத்தான்: ஆஸ்பத்திரி ரெஜிஸ்டர், செல்போன் டவர் விவரம், சம்பள நோட்டு, பஸ் பாஸ், எதுவாக இருந்தாலும் சாட்சியின் வாயை நம்பி நிற்காத ஒன்று.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். போக்சோ வழக்கில், அதுவும் அப்பாவோ மாமாவோ உள்ளே இருக்கும் வழக்கில், குழந்தை இப்போது இல்லை என்கிறாள் என்று வீட்டாரே எழுதி எடுத்து வருவார்கள். சம்பாதிக்கிறவர் ஜெயிலில், வாடகை பாக்கி, சொந்தக்காரர்களின் பேச்சு, இத்தனையும் அந்தப் பிள்ளையின் தலைமேல். குழந்தையைத் திரும்பத் திரும்பக் கோர்ட்டுக்கு அழைக்கக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் 33-வது பிரிவே சொல்கிறது. அப்படி வரும் பத்திரத்தை நான் தொடுவதில்லை. வாதாட வேண்டுமா, ரெக்கார்டில் இருப்பதை வைத்து வாதாடுவேன்.

அந்த அக்காவின் பத்திரத்தைக் கோர்ட்டில் போட வேண்டாம் என்று முடிவு செய்தோம். அவருக்கு அன்று முகமே விழுந்துவிட்டது. அதை எழுதி வாங்க அவர் எத்தனை நாள் அலைந்திருப்பார் என்று எனக்கும் தெரியும். பையனைப் பார்க்கப் போகாதீர்கள் என்றதும் தலையாட்டினார். அடுத்த வாரம் புழலில் தம்பியை மனு போட்டுப் பார்க்கப் போனவர் அவனிடமும் அதையே சொல்லியிருக்கிறார்.

பையன் இப்போது சட்ட உதவி மையம் மூலமாக ஒரு வக்கீலைப் பார்த்திருக்கிறான். என்ன நேரலாம் என்று அவர் எல்லாவற்றையும் விளக்கிய பிறகும், கோர்ட் கூப்பிட்டால் வந்து சொல்கிறேன் என்கிறானாம், அவர் என்னிடம் சொன்னது அவ்வளவுதான். டீக்கடை முதலாளி பழைய சம்பள நோட்டுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறார் என்றும் தெரிய வந்திருக்கிறது. அதை நாங்கள் போய் வாங்கவில்லை. அந்த மாதத்து நோட்டோடு அவரைக் கோர்ட்டுக்கு வரவழைக்க வேண்டும் என்று கூடுதல் சாட்சிய மனுவில் சேர்த்திருக்கிறோம். அந்தத் தேதிக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்பது இன்னும் எங்களுக்கும் தெரியாது.